டாக்டர் 'வேண்டாம்' என்றால் குதிரை ஓடக் கூடாது: சேலம் மாவட்டப் பந்தயக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்தில் திருவிழாவை ஒட்டிக் குதிரை வண்டிப் பந்தயம் நடத்தும் விழாக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் கால்நடைப் பராமரிப்புத் துறையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பதும் ஆட்டுக்கு ஊசி போடுவதும்தான் என் அன்றாட வேலை. ஆனாலும் தை பிறந்துவிட்டால் ஏதாவது ஓர் ஊர்ப் பந்தயத்துக்கு டியூட்டி வந்துவிடும். அந்த ஊர்களின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபப்படுவார்கள்; மற்ற ஊர்க்காரர்கள் நமக்கில்லை என்று விட்டுவிடுவார்கள்.

பந்தயத்தை நிறுத்துங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. குதிரை வைத்திருப்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுப் பிள்ளைக்கு வாங்கித் தராத பாதாம்பருப்பைக் குதிரைக்கு ஊற வைக்கிறவர்கள் அவர்கள். நான் கேட்பது ஒன்றுதான். பந்தய நாளில் டியூட்டிக்கு வரும் கால்நடை மருத்துவர் ஒரு குதிரையைப் பார்த்து 'இது ஓட வேண்டாம்' என்று சொன்னால், அந்தக் குதிரை ஓடக் கூடாது. கமிட்டித் தலைவரிடமோ, ஊர்ப் பெரியவரிடமோ, பரிசுப்பணம் கொடுத்தவரிடமோ போய் அந்த முடிவை மாற்ற வழி இருக்கக் கூடாது.

இப்போது என்ன நடக்கிறது? டாக்டர் வந்ததும் 'வாங்க டாக்டரம்மா, மேடைல உக்காருங்க' என்று வரவேற்கிறீர்கள். பொன்னாடை, டீ, மைக்கில் பெயர். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் குதிரைகள் நிற்பது அரைக் கிலோமீட்டர் தள்ளி, வேப்பமரத்தடியில். ஒரு விழாவில் நான் போய் இறங்கியதும் என் கையில் ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் 'மேற்படி குதிரை நல்ல உடல்தகுதியுடன் உள்ளது' என்று அச்சடித்திருந்தது. வரிசை எண்ணும் போட்டாயிற்று. பாதிக் குதிரைகள் அப்போது வந்து சேரவே இல்லை. 'கையெழுத்துப் போட்டு வெச்சிருங்க, அப்புறம் கூட்டத்துல முடியாது' என்றார் ஒருவர். அவர் கெட்டவர் இல்லை. அது அப்படித்தான் நடக்கும் என்று பழகிப்போனவர்.

நான் கையெழுத்துப் போடவில்லை. மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். சிவப்புப் பெட்டை ஒன்று வலது முன்னங்காலை ஊன்றத் தயங்கியது. ஓட்டிக் காட்டச் சொன்னேன். வலது கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே எழும்பியது. முன்னங்கால் வலி என்றால் குதிரை அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்: நோகிற கால் பதியும் நேரத்தில் தலையைத் தூக்கிப் பாரத்தைக் குறைக்கப் பார்க்கும். ஓட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு அதே பெட்டை வண்டியில் பூட்டப்பட்டுக் கோட்டில் நின்றது. நடையில் குறையே தெரியவில்லை. நடுவில் யாரோ ஊசி போட்டிருக்கிறார்கள். கேட்டால், 'காலையில கல்லு குத்தியிருந்துதுங்க, எடுத்துட்டோம்' என்றார்கள். கமிட்டியிடம் சொன்னேன். 'நோட்டீஸ்ல பேர் போட்டாச்சு, ஊர் கௌரவம்' என்று பதில் வந்தது. குதிரை ஓடியது, பரிசும் வாங்கியது. இரவு ஏழு மணிக்கு அதே ஆட்கள் என் போனுக்குக் கூப்பிட்டார்கள். கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி, குளம்பைத் தரையில் வைக்கவே விடவில்லை. அதற்குப் பிறகு அது வண்டி இழுக்கவில்லை.

வலி என்பது குதிரைக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. ஊசி அந்த எச்சரிக்கையை அணைக்கிறது, காயத்தை ஆற்றுவதில்லை. தசைநாணில் விழுந்த கிழிசலும் எலும்பில் விழுந்த விரிசலும் அப்படியே இருக்கும். வலி தெரியாத குதிரை அதே காலில் முழுப் பாரத்தையும் போட்டுத் தார்ச்சாலையில் அடித்துக்கொண்டு ஓடும். புல்தரையில் ஓடும் குதிரைக்கும் தார்ச்சாலையில் லாடத்தோடு ஓடும் குதிரைக்கும் காலில் ஏறும் அதிர்ச்சி ஒன்றல்ல. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் டைக்ளோஃபினாக்கை வாங்கிக் குதிரைக்குப் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கால்நடைக்கு அதைப் பயன்படுத்த 2006-லேயே தடை வந்துவிட்டது. அந்த மருந்து ஏறிய சடலத்தைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததுதான் காரணம்.

பெரிய பந்தயங்களில் இந்த விஷயத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பாருங்கள். ஊட்டியிலும் கிண்டியிலும் நடந்த பந்தயங்களைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். 2024-ல் அரசு அந்த நிலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது தனிக்கதை. சூதாட்டம் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அந்த மாதிரி ரேஸ் கிளப்புகளில் ஒரு வழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஓடுவதற்கு முன் மருத்துவர் பார்க்கிறார். புறப்படும் கேட் வரைக்கும் வந்துவிட்ட குதிரையைக்கூட, மருத்துவர் சொன்னால் அதிகாரிகள் விலக்கிவிடுவார்கள். ஓடும் கூட்டத்துக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸ் வரும். ஜெயித்த குதிரையின் சிறுநீரோ ரத்தமோ ஊக்கமருந்துப் பரிசோதனைக்குப் போகும். கோடி ரூபாய்க் குதிரையின் சொந்தக்காரரும் அந்த இடத்தில் வாய் திறக்க முடியாது.

நம் பந்தயத்துக்கு இன்னும் நெருக்கமாக இருப்பது எண்டூரன்ஸ் என்கிற நெடுந்தூரப் போட்டி. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு நடத்தும் இந்தப் போட்டி 160 கிலோமீட்டர் வரை போகும். ஒரேயடியாக ஓட விடமாட்டார்கள். தூரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் மருத்துவச் சோதனை வைத்திருக்கிறார்கள். வந்து நின்ற குதிரையின் இதயத்துடிப்பு குறித்த நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64-க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் வந்த குதிரையானாலும் போட்டியை விட்டு வெளியே. நடையில் சந்தேகம் வந்தால் மூன்று மருத்துவர்கள் தனித்தனியாக வாக்களிப்பார்கள். கடைசிக் கோட்டைத் தாண்டிய பிறகும் ஒரு சோதனை உண்டு. அதில் தேறினால்தான் ஜெயித்ததாகக் கணக்கு. ஓடி முடித்த குதிரை அடுத்த போட்டிக்கு எத்தனை நாள் கழித்து வரலாம் என்பதற்கும் தூரத்தைப் பொறுத்து விதி இருக்கிறது. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் ஓடிய குதிரை புதன்கிழமை இன்னோர் இடத்தில் நிற்கிறது.

'அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் செய்வான், நமக்கு எதுக்கு' என்று நினைக்க வேண்டாம். இதற்கு வேண்டியது ஒரு ஸ்டெதஸ்கோப், ஒரு தெர்மாமீட்டர், நூறடி நீளத்துக்குக் கெட்டியான சமதரை. ஒரு குதிரைக்குப் பத்து நிமிடம். ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவை துடிக்கும். உடல் சூடு 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இரண்டு பக்க விலாவிலும் குடல் ஓசை கேட்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கில் கடிவாளக் காயம் இருக்கிறதா, சேணத்தைத் தூக்கி அடியில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நேராக ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் சோதனை. முதல் நாள் மாலை ஒரு முறை, பூட்டுவதற்கு முன் ஒரு முறை, ஓடி வந்த பின் ஒரு முறை. பந்தயத்தன்று காலையில் மட்டும் பார்த்தால் நான் சொன்ன சிவப்புப் பெட்டையின் கதைதான் திரும்பவும் நடக்கும்.

பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தியூர் ஆடிச் சந்தையில் குதிரை வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. நடுப் பல் இரண்டரை வயதில் மாறும், அடுத்தது மூன்றரையில், ஓரப்பல் நாலரையில். நடுப் பல் மட்டுமே மாறிய குட்டியை வண்டியில் பூட்டிக் கொண்டுவந்து 'புதுக் குதிரை' பிரிவில் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். எலும்பு முற்றாத வயது அது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. குதிரை வாங்கும்போது உடம்பில் முடி சுழித்திருக்கும் சுழி பார்க்க நாலு பேரைக் கூட்டிப் போகிறோம். நெற்றிச் சுழி, மார்புச் சுழி என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். பந்தயத்தன்று குளம்பைத் தூக்கிப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் ஊரில் கால் உடைந்து சாவதைவிடச் சூட்டில் மடங்கும் குதிரைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மாசி பாதிக்கு மேல் சேலத்து வெயில் என்னவென்று உங்களுக்கே தெரியும். மந்திரியோ எம்.எல்.ஏ.வோ கொடியசைக்க வரும்வரை நீங்கள் வண்டிகளைப் பூட்டியபடி நிறுத்தி வைக்கிறீர்கள். அவர் வந்து சேர்வது பதினொன்றரைக்கு. முழு வேகத்தில் ஓடும் குதிரையின் இதயம் 220-க்கு மேல் துடிக்கும். தசைகளில் பிறக்கும் சூட்டை வேர்வையாகத்தான் அது வெளியேற்றியாக வேண்டும். கடும் வெயிலில் மணிக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் வரை வேர்வை போகும். அந்த வேர்வையில் உப்புச் செறிவு ரத்தத்தைவிட அதிகம். தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே போய்விடுவதால், உடல் காய்ந்துபோன குதிரைக்கும் தாகமே எடுக்காமல் இருக்கலாம். 'தண்ணி வேண்டாம்னு மூஞ்சியத் திருப்பிக்குதுங்க, நல்லாத்தான் இருக்குது' என்று சொல்லும்போது அந்தக் குதிரை நல்லா இல்லை என்றுதான் அர்த்தம். வேர்த்துக்கொண்டிருந்த குதிரை திடீரென்று வேர்ப்பதை நிறுத்திவிட்டு, மூச்சு மட்டும் வேகமாக வாங்கினால் இன்னும் ஆபத்து. உடல் சூடு 105-ஐத் தாண்டிவிட்டால் பிறகு நேரத்தோடுதான் போட்டி.

அப்போது என்ன செய்கிறோம்? ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, சூடான உடம்பில் குளிர்ந்த நீர் ஊற்றினால் நரம்பு பிடித்துக்கொள்ளும் என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். இது தவறு. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக் வெயிலில் நடக்கப்போகிறது என்றதும், அதற்கு முன்பே குதிரைகளை வைத்து இதை ஆராய்ந்து பார்த்தார்கள். குளிர்ந்த நீரை உடம்பு முழுவதும் விடாமல் ஊற்றுவதுதான் சூட்டை வேகமாக இறக்குகிறது, தசைக்கும் கெடுதல் இல்லை என்று தெரிந்தது. டோக்கியோவிலும் அதைத்தான் செய்தார்கள். ஒரு வாளி ஊற்றிவிட்டு ஈரத்துணி போர்த்தினால் போதாது. துணி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்து, மார்பு, விலா, தொடை என்று எல்லா இடத்திலும். நடுவில் மெதுவாக நடத்த வேண்டும். குடிக்கக் கேட்டால் குடிக்கவும் விட வேண்டும். முடிவுக்கோட்டில் ஒரு தண்ணீர் டேங்கர், ஒரு பந்தல், பத்து வாளி, அவ்வளவு போதும். ரசிகர்களுக்கு மோர்ப்பந்தல் வைக்கிற ஊருக்கு இது பெரிய செலவே இல்லை. கொடியசைக்க வருகிறவரைக் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். வர முடியாதென்றால் பூசாரி அசைக்கட்டும்.

பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பைக்குகளைப் பற்றி எழுதினால் இந்த மடல் முடியாது. காவல்துறை பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் அது. ஆனால் மருத்துவர் உட்கார்ந்த வண்டி ஒன்று பந்தயத்தின் பின்னாலேயே வர வேண்டும். அதற்கும் அந்தக் குதிரைகளுக்கும் நடுவில் நூறு பைக் இருந்தால் எப்படி வந்து சேரும்?

சட்டம் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. 'ஜல்லிக்கட்டுக்கே சட்டம் வந்திருச்சு, நமக்கென்ன' என்று பலர் சொல்கிறார்கள். 2017-ல் நம் சட்டமன்றம் செய்த திருத்தமும், 2023-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டதும் காளைகளுக்கானவை. குதிரைக்கு அந்தக் குடை கிடையாது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் முழுதாக அப்படியே பொருந்தும். நோயாளிக் குதிரையை வேலை வாங்குவதும், கேடு செய்யும் மருந்தைக் கொடுப்பதும் அதில் குற்றம். நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால், 'எங்கள் பந்தயத்தில் மருத்துவர் விலக்கிய குதிரைகள் இவை, தேதி வாரியாகப் பதிவேடு இதோ' என்று நீட்டக்கூடிய குழுதான் நிற்கும். எல்லாக் குதிரையும் நல்ல உடல்தகுதி என்று அச்சடித்த தாளைப் பார்த்து எந்த நீதிபதியும் நம்பப் போவதில்லை.

டாக்டர்கள் பக்கமும் நியாயமாகப் பேசுகிறேன். இன்று டியூட்டிக்கு வரும் இளம் மருத்துவர்களில் பலர் கல்லூரியை விட்டபின் குதிரையைத் தொட்டிருக்க மாட்டார்கள். அவர்களுடைய டிஸ்பென்சரிக்கு வருவதெல்லாம் கறவை மாடும் வெள்ளாடும்தான். அப்படிப்பட்டவரை ஒற்றை ஆளாக அனுப்பி, நாற்பது குதிரையைப் பார், காயத்துக்கு மருந்து போடு, சர்டிபிகேட் கொடு, விருந்தினரோடு போட்டோவுக்கும் நில் என்றால் அவர் என்ன செய்வார்? தகுதி பார்ப்பவர் ஒருவர், சிகிச்சை தருபவர் இன்னொருவர் என்று பிரிப்பதுதான் முறை. குதிரைக்காரரிடம் மாதாமாதம் பணம் வாங்கி வைத்தியம் பார்ப்பவர் அதே குதிரைக்குத் தகுதிச் சான்று தரக் கூடாது. சம்பளமோ படியோ குழுவின் கணக்கிலிருந்து போகட்டும்; குதிரைக்காரர்கள் ஆளுக்கு இருநூறு வசூலித்துக் கொடுக்கிற ஏற்பாடு வேண்டாம். தலைவாசல் கூட்டுரோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நாமக்கல் கல்லூரி 1985 முதல் இருக்கிறது. விழாவுக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் எழுதி, ஆசிரியர் ஒருவரையும் பயிற்சி மாணவர்களையும் அனுப்பக் கேளுங்கள். மாணவர்களுக்கு ஒரே நாளில் இத்தனை குதிரை வேறெங்கே கிடைக்கும்?

பாண்டியர் காலத்தில் அரபு நாட்டிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் இங்கே கப்பலில் வந்து இறங்கின. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, அவற்றில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமலே செத்துப்போகின்றன என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். எழுநூறு வருடம் கழித்தும் அவர் எழுதியதை நாம் மெய்ப்பிக்க வேண்டுமா?

விபத்து நடந்தால் என்ன செய்வதென்று ஒரு குழுவும் முன்கூட்டிப் பேசி வைப்பதில்லை. கீழ்க்கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் அந்தக் குதிரையைப் பிழைக்க வைப்பது அநேகமாக நடக்காத காரியம். அப்போது அதை வலியில்லாமல் முடித்து வைப்பதும் மருத்துவரின் டியூட்டிதான். சொந்தக்காரர் அழுவார், கூட்டம் செல்போனோடு சூழ்ந்துகொள்ளும், யாரோ ஒருவர் 'ஊருக்கு ஆகாது' என்பார். நாலு பேர் பிடிக்க ஒரு படுதா, கூட்டத்தைத் தள்ளி நிறுத்தப் போலீஸ், மயக்க மருந்தும் தேவையான ஊசிகளும் இருக்கும் பெட்டி, குதிரையை ஏற்றத் தாழ்வான பலகை போட்ட லாரி, இவையெல்லாம் காலையிலேயே தயாராக இருக்க வேண்டும். 1962-க்கு போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்பது உண்மைதான். ஆனால் அது அந்த நேரத்தில் எந்த ஊரில் இருக்கிறதோ? அதை நம்பிப் பந்தயம் நடத்த முடியாது.

வெளிமாநிலக் குதிரைகள் வருவதால் கிளாண்டர்ஸ் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். மூக்கில் சீழ், தோலில் கட்டி என்று வரும் இந்த நோய் மனிதருக்கும் தொற்றும். சிகிச்சை கொடுக்கவே அனுமதி இல்லாத, அரசுக்கு உடனே அறிவிக்க வேண்டிய நோய். சந்தேகம் வந்தால் ரத்த மாதிரி ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் வரை போகும். எனவே மூக்கு ஒழுகும் குதிரையை வரிசைக்குள்ளேயே விடாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்ட சீட்டையும் கேளுங்கள். குதிரையைப் போல அந்த நோய்க்குச் சுலபமாக மாட்டும் வளர்ப்புப் பிராணி வேறில்லை.

ஏற்காட்டு நண்பர்கள் சிலர், கோடை விழாவில் நாய்கள் கண்காட்சி இருப்பது போலக் குதிரையேற்றமும் வைத்தால் என்ன என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மேலே வெயில் குறைவு, அது நல்லதுதான். ஆனால் குதிரையைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, தலையை உயரக் கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஆட்டிக்கொண்டு போய் இறக்கிய அன்றே ஓட விடக் கூடாது. தலையைத் தாழ்த்த முடியாமல் நெடுநேரம் பயணம் செய்யும் குதிரைக்கு நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல் வரும். ஒரு நாள் ஓய்வு, தரையில் வைத்த தீனி, மறுநாள் காலை உடல் சூடு பார்த்தபின் மற்றது. மலைச்சரிவில் இறங்கும் ஓட்டம் முன்னங்காலை வாட்டும் என்பதால் தளத்தையும் மருத்துவரே முதலில் நடந்து பார்க்க வேண்டும். சினை நாலு மாதம் தாண்டிய பெட்டையைச் சர்வதேசப் போட்டிகளில் அனுமதிப்பதில்லை; மலையிலும் கீழேயும் நாமும் அதைப் பின்பற்றலாம்.

இவ்வளவையும் இந்த வருடமே செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். ஒரு வரி மட்டும் இந்த வருடம் செய்யுங்கள். கலெக்டர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவிலும், ஊரெங்கும் ஒட்டும் நோட்டீஸிலும், குதிரைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கும் நுழைவுப் படிவத்திலும் இதைச் சேருங்கள்: 'கால்நடை மருத்துவர் விலக்கும் குதிரை ஓடாது, நுழைவுக் கட்டணம் திருப்பித் தரப்படும், முடிவே இறுதி.' கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதை விட்டுவிடாதீர்கள், பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. முதல் நாள் மாலையே அந்த வரியை மைக்கில் கமிட்டித் தலைவரே படிக்கட்டும். டாக்டர் படித்தால் டாக்டர் மேல் கோபம் வரும்.

சோதனைப் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும் குழுவுக்கு நான் எழுதித் தருகிறேன். ஒரு குதிரைக்கு ஒரு பக்கம். குதிரையின் நிறம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி எல்லாம் குறிக்க இடம் விட்டிருக்கிறேன். பூட்டும்போது வேறு குதிரை வந்து நின்றால் சுழி பார்க்கிற நம் ஆட்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்,
சேலம்